ஆலைச் சங்கு ஓய்ந்த இடத்தில்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த ஒரு படிப்பகக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



"கலையும் தொழிலாளியும்" என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்துக்கு வருகிற வழியில், ஸ்பின்னிங்கில் வேலை செய்கிற ஒரு தோழர் என்னை நிறுத்தினார். "தோழரே, அமெரிக்காவில் மூடிப்போன ஒரு மில்லைக் கலைக்கூடமாக மாற்றி, கோடைக்குக் கோடை அங்கே விழாக் கொண்டாடுகிறார்களாமே? மில்லில் நூல் ஓடினால் வயிறு நிறையும். சுவரில் படம் தொங்கினால் யார் வயிறு நிறையும்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அதைக் கேட்டபின், எழுதி வைத்திருந்த குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அந்த ஊரின் கதையையே இன்று சொல்லப் போகிறேன். சொல்லி முடித்த பிறகு தோழரின் கேள்விக்கு வருகிறேன்.

துணி அச்சடித்த ஊர்

அமெரிக்காவின் வடகிழக்கே மாசாசூசெட்ஸ் என்று ஒரு மாநிலம். அதன் மேற்குப் பகுதியில், மலைகளுக்கு நடுவே, நார்த் ஆடம்ஸ் என்ற சிறிய ஊர் இருக்கிறது. ஹூசிக் ஆற்றின் இரண்டு கிளைகள் அங்கே வந்து கூடுகின்றன. துணியை வெளுக்கவும் சாயமேற்றவும் தண்ணீர் வேண்டுமல்லவா? ஆற்றைத் தேடி ஆலை வந்தது. 1860-ல் ஆர்னால்டு சகோதரர்கள் அங்கே துணி அச்சடிக்கும் தொழிலைத் தொடங்கினார்கள். "ஆர்னால்டு பிரிண்ட் ஒர்க்ஸ்" என்பது அதன் பெயர்.

மறு ஆண்டே அந்த நாட்டில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அதுவரை வடக்கத்தி ஆலைகளுக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது? தெற்கே, கறுப்பின அடிமைகள் சவுக்கடிக்கு நடுவில் பறித்துக் கொடுத்த பஞ்சு அது. அந்த அடிமை முறையை ஒட்டி எழுந்த யுத்தத்தில், வடக்கு சர்க்காரின் பட்டாளத்துக்குத் துணி கொடுக்கும் காண்டிராக்ட் இந்த ஆலைக்குக் கிடைத்தது. ஆலை வளர்ந்தது. செங்கல் கட்டிடங்கள் ஒன்றையொன்று ஒட்டி எழும்பின. 1905 வாக்கில் அங்கே 3,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். நியூயார்க்கிலும் பாரிசிலும் அந்தக் கம்பெனிக்கு ஆபீஸ் இருந்தது. பூப்போட்ட துணி மட்டுமல்ல, குழந்தைகளுக்கான பொம்மையின் உருவத்தையும் துணியிலே அச்சடித்து விற்றார்கள். தாய்மார்கள் அதை வெட்டித் தைத்து, உள்ளே பஞ்சடைத்துக் கொள்ள வேண்டியதுதான்.

பிறகு வந்தது 1930-களின் பெருமந்தம். துணி விலை விழுந்தது. முதலாளி கணக்குப் பார்த்தார். 1942-ல் அந்த இடத்தைக் காலி செய்துவிட்டு, பக்கத்து ஊரான ஆடம்ஸில் இருந்த சிறிய கட்டிடங்களுக்குக் கம்பெனி போய்விட்டது.

காலியான கட்டிடங்களை ஸ்பிரேக் எலெக்ட்ரிக் என்ற கம்பெனி வாங்கியது. ரேடியோவிலும் பிற மின் கருவிகளிலும் பொருத்துகிற "கண்டன்சர்" அங்கே உற்பத்தியாயிற்று. அது இரண்டாம் உலக யுத்த காலம். ஆலை இரவு பகலாக ஓடியது. பெண்கள் ஏராளமாக வேலைக்கு வந்தார்கள். அணுகுண்டுக்கான பாகங்கள் கூட அங்கே தயாராயின. தாம் செய்வது எதற்குப் போகிறது என்று மேசைமுன் உட்கார்ந்து கம்பி சுற்றிய பெண்ணுக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

1966-ல் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் 4,137 பேர். ஊரின் ஜனத்தொகையோ 18,000 தான். குழந்தை, கிழவர் எல்லோரையும் சேர்த்து எண்ணினாலும் ஏறக்குறைய நாலு பேருக்கு ஒருவர்! 1970-ல் அந்தத் தொழிலாளர்கள் பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகு வெளிநாட்டு மலிவுச் சரக்கின் போட்டியைக் காட்டி ஆட்குறைப்பு நடந்தது. 1985-ல் ஆலைக் கதவு மூடப்பட்டது.

ஆலை மூடினால் ஊர் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் டீக்கடையில் கடன் ஏறும். அப்புறம் மளிகைக்கடை மூடும். அப்புறம் இளைஞர்கள் பஸ் ஏறுவார்கள். 1900-ல் 24,000 பேர் வாழ்ந்த அந்த ஊரில், 2020 கணக்கெடுப்பின்படி 13,000 பேருக்கும் குறைவாகவே இருந்தார்கள்.

கலைக்கூடம் வந்தது

ஆலை மூடிய மறு ஆண்டு, 1986-ல், பக்கத்து ஊர்க் கல்லூரியான வில்லியம்ஸின் கலைக்காட்சியகத் தலைவர் தாமஸ் கிரென்ஸ் என்பவர் ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தார். இந்தக் காலத்துக் கலைஞர்கள் செய்கிற சில படைப்புகள் மிகப் பெரியவை. சாதாரணக் காட்சியகத்தின் வாசலுக்குள் நுழையாது. நுழைந்தாலும் கூரை இடிக்கும். அப்படிப்பட்டவற்றை வைக்கப் பெரிய கூடம் வேண்டும். நார்த் ஆடம்ஸ் நகர மேயர் ஜான் பேரட், பூட்டிக்கிடந்த ஆலையைக் காட்டினார். அச்சு யந்திரம் வைக்கக் கட்டிய கூடத்தைவிடப் பெரிய கூடம் எங்கே கிடைக்கும்?

1988-ல் மாநில சட்டசபை இதற்காக 3 கோடியே 50 லட்சம் டாலர் ஒதுக்க ஒப்புக்கொண்டது. அது ஜனங்களின் வரிப்பணம் என்பதைக் கவனியுங்கள். பிறகு பொருளாதார நெருக்கடி வந்து வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. கடைசியில் 1999 மே 30-ந் தேதி அந்தக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. "மாஸ் மோகா" என்று அதைச் சுருக்கமாக அழைக்கிறார்கள்.

வாசல் முற்றத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. நடாலி ஜெரமிஜென்கோ என்ற பெண் கலைஞர், உயிருள்ள ஆறு மேப்பிள் மரங்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார். வேர் மேலே, நுனி கீழே. என்ன ஆயிற்று? கிளைகள் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து வானத்தைப் பார்த்து ஏறத் தொடங்கின. விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இதில் அதிசயம் இராது. வரப்பிலே சாய்ந்து விழுந்த செடி மறுபடியும் வெயிலைத் தேடித் தலை தூக்குவதைத் தினமும் பார்க்கிறவர்கள் நீங்கள். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு, தலைகீழாகக் கவிழ்க்கப்பட்ட அந்த ஊர்க்காரர்களுக்கு, அதைப் பார்த்தபோது என்ன தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கோடைத் திருநாள்

அந்த நாட்டில் மே மாதக் கடைசியில் பனியும் குளிரும் போய், கோடை தொடங்குகிறது. நமக்குக் கோடை என்றால் வேதனை. அவர்களுக்கோ அது பொங்கல் மாதிரி. அந்தச் சமயத்தில்தான் புதிய காட்சிகளைத் திறந்து கொண்டாடுவார்கள். அப்படிப்பட்ட நாட்களில் பெரியது 2017 மே 28. அன்று "ஆறாம் எண் கட்டிடம்" என்ற பழைய ஆலைக் கட்டிடம் முழுவதும் காட்சிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. 1,30,000 சதுர அடி! ஒரு மூலையில் நின்றால் மறு மூலையில் நிற்கும் ஆள் பொம்மை போல் தெரிவான்.

அங்கே என்ன வைத்தார்கள்? மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, லூயிஸ் பூர்ஷ்வா என்ற அம்மையாரின் சலவைக்கல் சிற்பங்கள். (சிரிக்காதீர்கள் தோழர்களே, அது அவர் குடும்பப் பெயர்!) 1911-ல் பாரிசில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் பழைய சித்திரத் திரைச்சீலைகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார்கள். நைந்துபோன இடத்தில் என்ன உருவம் இருந்திருக்கும் என்று வரைந்து காட்டுவது சிறுமி லூயிஸின் வேலை. அதைப் பார்த்துத் தையல்காரிகள் இழை கோப்பார்கள். நூலும் ஊசியும் பார்த்து வளர்ந்த கை பிறகு கல்லைத் தொட்டது. துணி ஆலையின் தரை அந்தக் கல்லைத் தாங்கியது.

இரண்டு, ஜேம்ஸ் டரெல் என்பவர் அமைத்த ஒளி அறைகள். உள்ளே போனால் படமும் இல்லை, சிலையும் இல்லை. வெறும் ஒளி மட்டுமே அறையை நிரப்பி நிற்கிறது. "இதுவும் கலையா?" என்று கேட்கத் தோன்றுகிறதா? கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. புரியாததைப் புரிந்ததுபோல் தலையாட்ட வேண்டியதில்லை. புரியவில்லை என்பதற்காகக் குப்பை என்று தள்ளவும் வேண்டியதில்லை. பஞ்சுத் தூசியில் எட்டு மணி நேரம் நின்றவன், வாசலுக்கு வந்து வெளிச்சத்தைப் பார்த்ததும் கண்ணைக் கூசிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்கிறானே, அந்த நிமிஷம் அவனுக்குத் தெரியும். அதைத்தான் அந்த மனிதர் ஓர் அறைக்குள் பிடித்து வைக்க முயல்கிறார்.

மூன்று, குன்னர் ஷான்பெக் என்ற சங்கீத ஆசிரியர், கையில் அகப்பட்ட சாமான்களைக் கொண்டு செய்த பெரிய பெரிய வாத்தியங்கள். எல்லோருக்கும் சங்கீதம் வரும், முன்பயிற்சி தேவையில்லை என்பது அவர் கட்சி. அவர் காலமான பிறகு அந்த வாத்தியங்களை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். வருகிறவர்கள் தொடலாம், தட்டலாம், வாசிக்கலாம். காட்சியகம் என்றால் "தொடாதே!" என்று பலகை மாட்டியிருக்கும். இங்கே தொடச் சொல்கிறார்கள். எனக்கு இதுவே மிகவும் பிடித்தது.

யாருடைய கை?

தோழர்களே, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கலைக்கூடத்தில் ஒரு பெரிய பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் எத்தனை கைகள்?

சால் லெவிட் என்ற ஓவியர் சுவரிலேயே வரையும் சித்திரங்களுக்குப் பேர்போனவர். அவர் செய்வது என்ன? எந்தக் கோட்டை எங்கிருந்து எங்கே இழுக்க வேண்டும், என்ன வண்ணம் என்று குறிப்பு எழுதிக் கொடுப்பார். மற்றவர்கள் வரைவார்கள். மார்கழியில் நம் தாய்மார்கள் கோலம் போடுவதை நினைத்துக் கொள்ளுங்கள். புள்ளிக் கணக்கு ஒருவர் சொன்னது; போடுகிற கை இன்னொருவருடையது. அந்த ஆலையின் ஏழாம் எண் கட்டிடத்தில், மூன்று மாடிகளிலும் சேர்த்து, அவருடைய 105 சுவர்ச் சித்திரங்களை வரையத் திட்டமிட்டார்கள். 2007-ல் அவர் காலமானார். அதன் பிறகு, 2008-ல், சுமார் 65 பேர், கலைஞர்களும் மாணவர்களுமாக, ஏறக்குறைய ஆறு மாதம் பென்சிலும் வண்ணமும் எடுத்துச் சுவர்களை நிரப்பினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அது திறக்கப்பட்டது. ஒரு நல்ல வழக்கத்தை லெவிட் வைத்திருந்தார். ஒரு சித்திரத்தை முதன்முதலில் சுவரில் வரைந்தவர்கள் யார் யார் என்று அவர்கள் பெயரையும் குறித்து வைப்பார். நினைத்துப் பாருங்கள்: நாம் நெய்த வேட்டியின் கரையில் கம்பெனி பெயர் இருக்கிறது. நெய்தவன் பெயர் எங்கே இருக்கிறது?

இன்னொன்று சொல்கிறேன். சீனாவைச் சேர்ந்த ஷூ பிங் என்ற கலைஞரிடம், பீக்கிங் நகரில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய ஆபீஸ் மாளிகைக்கு அலங்காரமாக ஏதாவது செய்துகொடுக்கும்படி கேட்டார்கள். அவர் கட்டிடம் நடக்கும் இடத்தைப் பார்க்கப் போனார். கிராமத்திலிருந்து பிழைக்க வந்த கூலிகள் எந்த நிலைமையில் வேலை செய்கிறார்கள் என்பதைக் கண்டார். கண்ணாடி மாளிகை ஒரு பக்கம், அதைக் கட்டுகிறவனின் வாழ்க்கை இன்னொரு பக்கம். அவர் மனசு பொறுக்கவில்லை. அந்த இடத்தில் கிடந்த மண்வெட்டி, இரும்புக்கம்பி, தொழிலாளியின் தலைத்தொப்பி இவற்றையெல்லாம் சேர்த்து இரண்டு பிரம்மாண்டமான பறவைகள் செய்தார். ஒவ்வொன்றும் தொண்ணூறு, நூறு அடி நீளம். இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு டன் எடை. "பீனிக்ஸ்" என்று பெயர். 2012 டிசம்பரிலிருந்து பல மாதங்கள் அந்தப் பறவைகள் நார்த் ஆடம்ஸ் ஆலைக் கூடத்தில் தொங்கின. சீனக் கட்டிடக் கூலியின் மண்வெட்டி, அமெரிக்க ஆலைத் தொழிலாளி நின்ற இடத்துக்கு மேலே சிறகாகப் பறந்தது. அந்த ஊர்க் கிழவர்கள் அண்ணாந்து பார்த்தபோது, அந்தத் தொப்பியை அடையாளம் கண்டிருக்க மாட்டார்களா?

சங்கின் கதை

ஆலைக்கு ஒரு மணிக்கூண்டு உண்டு. நமக்குச் சங்கு, அவர்களுக்கு மணி. மணி அடித்தால் உள்ளே போ, மணி அடித்தால் சாப்பிடு, மணி அடித்தால் வீட்டுக்குப் போ. எத்தனை தலைமுறை அந்த மணிக்கு எழுந்திருக்கும்! ஒரு நிமிஷம் பிந்தினால் கூலியில் வெட்டு என்று அந்த மணியை எத்தனை பேர் சபித்திருப்பார்கள்! ஆலை மூடியதும் மணியும் ஊமையாயிற்று.

கலைக்கூடம் வந்தபோது கிறிஸ்டினா கூபிஷ் என்ற ஜெர்மன் பெண் கலைஞர் அந்த மணியோசையை மறுபடி கொண்டுவந்தார். ஆனால் பழைய மாதிரி அல்ல. மணிகளின் ஓசையைப் பதிவு செய்து, சூரிய ஒளியை அளக்கும் கருவிகளோடு இணைத்தார். வெயில் பளிச்சென்று இருந்தால் ஓசை ஒரு விதம். மேகம் மூடினால் வேறு விதம். முதலாளியின் கடிகாரத்துக்கு அடித்த மணி, சூரியனுக்கு அடிக்கத் தொடங்கிற்று!

இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் வந்தது, வருத்தமும் வந்தது. மனிதனை விரட்டிய ஓசை மனிதனை மகிழ்விக்கும் ஓசையாயிற்றே என்று மகிழ்ச்சி. அந்த ஓசைக்கு ஓடி ஓடிக் கால் தேய்ந்தவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்க அங்கே இருந்தார்கள் என்று வருத்தம்.

கலைக்கூடத்திலும் கூலி உண்டு

விருந்தாளி பார்ப்பது விளக்கையும் சித்திரத்தையும். ஆனால் அங்கேயும் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். காட்சிப் பொருளைத் தூக்கி மாட்டுகிறவர்கள், சீட்டுக் கொடுக்கிறவர்கள், வழி காட்டுகிறவர்கள், காவல் நிற்கிறவர்கள், தரை பெருக்குகிறவர்கள். கலைக்குச் சேவை செய்கிறோம் என்ற பெருமையில் வீட்டு வாடகை அடங்குமா? அடங்கவில்லை.

2021-ல் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். மோட்டார்த் தொழிலாளர் சங்கமான யு.ஏ.டபிள்யூ.வின் 2110-ம் கிளையில் சேர்ந்தார்கள். மோட்டார்த் தொழிலாளியோடு ஓவியக்கூட ஊழியர் எப்படிச் சேர்ந்தார் என்று வியக்க வேண்டாம். கூலி வாங்குகிறவர்களுக்குள் உறவு கண்டுபிடிக்க ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை.

முதல் ஒப்பந்தத்துக்கான பேச்சு இழுத்தது. 2022 ஆகஸ்டு 19-ந் தேதி, விருந்தாளிகள் வந்து குவியும் கோடைப் பருவத்திலே, ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மணிக்குக் குறைந்தபட்சம் 18 டாலர் என்பது அவர்களுடைய முக்கியக் கோரிக்கை. அந்த ஆண்டுக் கடைசியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. மறுபடி கூலிப் பிரச்னை எழுந்தது. 2024 மார்ச் 6-ந் தேதி வேலையை நிறுத்தி, ஏறக்குறைய மூன்று வாரம் குளிரிலே வாசலில் நின்றார்கள். கூலி உயர்வோடு உடன்பாடு கண்டு உள்ளே திரும்பினார்கள்.

1970-ல் கண்டன்சர் செய்த தொழிலாளர் போராடிய அதே ஆலை! ஐம்பது ஆண்டு கழித்து, அதே செங்கல் சுவருக்கு முன்னால், அட்டை பிடித்துக்கொண்டு வேறு ஒரு தலைமுறை. யந்திரம் மாறிற்று, சரக்கு மாறிற்று, முதலாளி போய் நிர்வாகக் குழு வந்தது. கூலிக் கேள்வி மட்டும் வீட்டைக் காலி செய்யவில்லை.

தோழருக்குப் பதில்

இப்போது நம் ஸ்பின்னிங் தோழரின் கேள்விக்கு வருகிறேன். சுவரில் படம் தொங்கினால் யார் வயிறு நிறையும்?

தோழரே, உங்கள் சந்தேகம் நியாயமானது. 4,137 பேர் உழைத்த இடத்தில் கலைக்கூடம் கொடுக்கும் வேலை நூற்றுக்கணக்கில்தான். இரண்டும் ஈடாகாது. ஆலையை மூடிவிட்டு அதற்குப் பதிலாகக் கலைக்கூடம் தருகிறோம் என்று நாளை யாராவது சொன்னால், நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. அது கணக்குத் தீர்த்ததாக ஆகாது.

ஆனால் மூடிக் கிடந்த ஆலையை இடித்து மண்ணாக்கி மனை போட்டு விற்றிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? அங்கே இப்படி ஓர் ஆலை இருந்தது, இத்தனை பேர் உழைத்தார்கள் என்று சொல்ல ஒரு செங்கல் கூட இருந்திராது. இன்று ஆண்டுக்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் அந்தக் கூடத்துக்குள் நுழைகிறார்கள். நுழைகிற ஒவ்வொருவரும், தேய்ந்த அந்தத் தரைமேல் நடந்துதான் ஆகவேண்டும். அந்தத் தரையைத் தேய்த்தது யாருடைய கால் என்பதைச் சொல்ல வேண்டியது கலைக்கூடத்தின் கடமை. கேட்க வேண்டியது வருகிறவர்களின் கடமை.

இன்னொன்று. வயிறு நிறைந்தால் மட்டும் போதும் என்று நாம் சொன்னோமா? சொல்லவில்லை. நாற்று நடும்போது பாட்டுப் பாடுகிறவர்கள் நம் தாய்மார்கள். ஷிப்டு முடிந்து வந்து, தூக்கத்தை விட்டுத் தெருக்கூத்துப் பார்க்கிறவர்கள் நாம். கலை நமக்குப் புதிசு அல்ல. காட்சியகம்தான் நமக்குப் புதிசு. அங்கே நமக்கு என்ன வேலை என்று வாசலிலேயே கூசி நின்றுவிடுகிறோம். அந்தக் கூச்சத்தை விட்டுவிட வேண்டும். கட்டிடம் கட்டியது நம்மைப் போன்றவர்கள். கொடுத்த பணம் ஜனங்களின் வரி. பறவை செய்த மண்வெட்டி ஒரு கூலியின் மண்வெட்டி. வீட்டுக்காரன் தன் வீட்டுக்குள் நுழையக் கூசலாமா?

எனவே இரண்டையும் கேட்போம். ஆலை ஓட வேண்டும், கூலி வேண்டும் என்று கேட்போம். மாலையில் போய்ப் பார்க்க நல்ல சித்திரமும், கேட்க நல்ல பாட்டும், அதற்கு ஓய்வு நேரமும் வேண்டும் என்றும் கேட்போம். ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்க யாரையும் விடக்கூடாது.

அதோ, இரவு ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிறது. போக வேண்டியவர்கள் எழுந்திருக்கிறீர்கள். போய் வாருங்கள் தோழர்களே! அந்த ஊரின் மணி ஒரு காலத்தில் இப்படித்தான் அடித்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.